ஆன்மா இல்லை என்று ஒரு புகார்

நான் வேலை பார்த்த இடத்தில் தினமும் யாராவது ஒருவர் என்னைப் பார்த்து, பார்த்து என்ன, கேட்டு, "நீ மனுஷியா மெஷினா?" என்று விசாரிப்பார். கேட்டவர்கள் தத்துவ ஆராய்ச்சி செய்பவர்கள் இல்லை. வீட்டுச் சமையலறையில் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் நின்றுபோய், கையில் காலிப் பாட்டிலோடு நிற்பவர்கள். அந்த மெஷினை விற்ற நிறுவனத்தின் தமிழ் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் நான் இருந்தேன். எடுத்த எடுப்பில் நாங்கள் சொல்ல வேண்டிய வாசகம், "உங்கள் சிரமத்தை முழுமையாகப் புரிந்துகொள்கிறேன்" என்பது. சிரமத்தைப் புரிந்துகொண்ட எந்த மனிதப் பிறவியும் அப்படிப் பேசாது. ஆகவே அவர்கள் சந்தேகத்தில் நியாயம் இருந்தது.

பிறகு நிஜமாகவே மெஷின் வந்தது. தானாகப் பேசும் ஒரு பெண் குரல். கேள்வி கேட்டால் பதில் சொல்லும், புகாரைப் பதிவு செய்யும், மாதா மாதம் வாடிக்கையாளர்களை அழைத்து ஃபில்டரை மாற்றச் சொல்லி நினைவூட்டும். அது வந்த வாரத்திலேயே நிர்வாகம் இரண்டு உத்தரவுகள் போட்டது. ஒன்று, ஊழியர்கள் தங்களுக்கு எழுதிக் கொடுத்த வாசகத்தை ஓர் எழுத்து பிசகாமல் பேச வேண்டும். இரண்டு, மெஷின் இயல்பாகப் பேச வேண்டும். அதற்காக "ம்ம்", "அச்சச்சோ", "இருங்க பாக்குறேன்" எல்லாம் அதற்குள் ஏற்றினார்கள். பேச்சின் நடுவே மூச்சு வாங்கும் சத்தத்தைக்கூடச் சேர்த்தார்கள். மூச்சு விடுகிற நாங்கள் மூச்சு விடாமல் ஒப்பிக்க வேண்டும். மூச்சே இல்லாத அது மூச்சு வாங்கிக்கொண்டு பேசும். இதற்குப் பெயர் முன்னேற்றம் என்று மேனேஜர் சொன்னார்.

மேனேஜர் வடக்கேயிருந்து வந்தவர். பெங்களூரில் பல வருஷம் இருந்தும் கன்னடத்தில் கொஞ்சம் என்று பொருள்படும் 'ஸ்வல்ப' என்ற ஒரு சொல்லோடு பிழைப்பை நடத்திக்கொண்டிருந்தார். அவர்தான் எங்கள் திரைகளின் மூலையில் கனிவு மீட்டர் ஒன்றை வைத்தார். நாங்கள் பேசுவதை அது ஒட்டுக் கேட்டு, எங்கள் குரலில் எவ்வளவு உணர்ச்சி இருக்கிறது என்று கணக்கிடும். உணர்ச்சி இருந்தால் பச்சை, அரைகுறை என்றால் மஞ்சள், இல்லாவிட்டால் சிவப்பு. இனிமேல் எல்லா அழைப்பையும் முதலில் மெஷின் எடுக்கும், மெஷினால் சமாளிக்க முடியாததைப் பார்த்துக்கொள்ளச் சில மாதம் கழித்துத் தமிழ்ப் பிரிவில் ஒரே ஒரு ஆளை வைத்துக்கொள்வோம், யாருக்கு மீட்டரில் அதிக மதிப்பெண்ணோ அவர் இருப்பார், மற்றவர்கள் போகலாம் என்று கூட்டம் போட்டு அறிவித்தார்.

மெஷினுக்கு மனசு உண்டா என்று உலகம் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஆபீசில் அதற்குள் அடுத்த வகுப்புக்கே போய்விட்டார்கள். எங்களுக்கு மனசு உண்டா என்று மெஷின் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிட்டது.

அன்றிலிருந்து ஆபீஸ் சாவு வீடு மாதிரி ஆகிவிட்டது. என் பக்கத்து இருக்கைக்காரி, ஒருவர் வீட்டில் ட்யூப் கசிகிறது என்றதும் "ஐயையோ கடவுளே" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். மீட்டர் பச்சையில் நின்று ஆடியது. எனக்கு அது மஞ்சளைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை. என் குரல் பிறவியிலேயே அப்படி. சந்தோஷத்தையும் துக்கத்தையும் ரயில்வே அறிவிப்பு மாதிரி சொல்லக்கூடியவள் நான். ஆனால் எனக்கு அந்த வேலை தேவைப்பட்டது. தலையில் பாதி நரைத்த பெண்ணை இந்த ஊரில் எந்தக் கம்பெனி கூப்பிட்டு நாற்காலி போடும்? வீட்டில் அப்பா வேறு இருந்தார்.

வீட்டில் அவரை டாடி என்றுதான் கூப்பிடுவேன். ஜோகுபாளையத்தில், சர்ச் மணி சத்தம் கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு. அம்மா போன பிறகு நாங்கள் இரண்டே பேர். அப்பா அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு நடத்துவார். மெஷின்களைப் பற்றி அவரிடம் உறுதியான கொள்கை ஒன்று இருந்தது. மெஷினுக்குக் கோபம் உண்டு, ரோஷம் உண்டு, ஆன்மா மட்டும் கிடையாது. வேலை பார்த்த காலமெல்லாம் ஆயுத பூஜையன்று தன் லேத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூ சாத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டு, சனிக்கிழமை போய் ஃபாதரிடம் அந்தப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனமும் செய்துவிடுவார். இரண்டு பக்கமும் பகை இல்லாமல் பார்த்துக்கொண்டார்.

எங்கள் ஆபீசுக்குப் பேசும் மெஷின் வந்ததைக் கேள்விப்பட்டதும் அவருக்குக் கை அரித்தது. எங்கள் வீட்டுத் தண்ணீர் மெஷினும் எங்கள் கம்பெனி சரக்குதான், அவர் பெயரில்தான் வாங்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், சேவை எண்ணை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா? சொல்லுங்க, என்ன பிரச்சினை?" என்றது குரல்.

"பிரச்சினை எனக்கில்லம்மா, உனக்கு. உனக்கு ஆன்மா இருக்குதா?"

"ம்ம்... இருங்க பாக்குறேன்." மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. "மன்னிக்கணும் சார். ஆன்மா இல்லை. சரிதானா?"

"அத்த நான் சொல்லக் கூடாது, நீதான் சொல்லணும். இருக்குதா இல்லியா?"

"அச்சச்சோ. உங்கள் சிரமத்தை முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். புகாரைப் பதிவு செய்துகொண்டேன். நாளைக்கு எங்கள் ஆள் வீட்டுக்கு வருவார்."

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் உண்மையாகவே ஆள் வந்துவிட்டார். முதுகில் பை, கையில் ஸ்பேனர். அவர் போனில் வந்திருந்த பணி விவரத்தை நானே வாங்கிப் பார்த்தேன். 'பழுது: ஆன்மா இல்லை. வாடிக்கையாளர் கோபமாக இருக்கிறார்.'

அவர் எங்கள் மெஷினைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, பெரிய யோசனைக்குப் பிறகு, "சார், இந்தப் பார்ட்டு இந்த மாடல்ல வர்றதே இல்ல சார். புது மாடல்ல இருக்கும்னு நெனக்கிறேன். ஃபில்டர் மட்டும் கிளீன் மாடி கொடுக்கட்டா?" என்றார். கன்னடமும் தமிழும் கலந்த பேச்சு; 'மாடி' என்றால் கன்னடத்தில் 'செய்து'. அப்பாவுக்குச் சிரிப்புத் தாளவில்லை. காபி கொடுத்து அனுப்பினார். சாயங்காலம் குறுஞ்செய்தி வந்தது, உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது என்று. இரண்டாயிரம் வருஷமாகத் திருச்சபையும், அதற்கு முன்னாலிருந்து மற்றவர்களும் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தை எங்கள் கம்பெனி ஒரே நாளில் முடித்துவிட்டது.

அதற்குப் பிறகு அப்பாவுக்கும் அந்தக் குரலுக்கும் சிநேகமாகிவிட்டது. மாதம் ஒருமுறை ஃபில்டரை நினைவூட்ட அது கூப்பிடும். அப்பா நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு சாவகாசமாகப் பேசுவார். முட்டி வலியைப் பற்றிச் சொல்வார். அது "அச்சச்சோ" என்னும். "அந்தப் பொண்ணு" என்றுதான் குறிப்பிடுவார்.

"டாடி, அது பொண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆபீஸ்ல எழுதி வெச்சிருக்கறத வாசிக்குது."

"இருக்கட்டுமே. போன எடுத்ததும் நல்லா இருக்கீங்களான்னு கேக்குது. நீ என்னிக்கு கேட்ட?"

எனக்கு எரிச்சலாக வந்தது. பக்கத்து அறையில் இருப்பவரிடம் யார் போய் நல்லா இருக்கீங்களா என்று கேட்பார்கள்? டிபன் பாக்ஸை அடித்து மூடினேன்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் நீலசந்திரா பகுதியிலிருந்து அந்த அழைப்பு வந்தது. மெஷின் சமாளிக்க முடியாமல் என்னிடம் தள்ளிவிட்டது. ஒரு பெண். நடுத்தர வயதுக் குரல். அழுது முடித்த தொண்டை.

"இன்னாம்மா இது அநியாயம்? எங்க வூட்டுக்காரு செத்துட்டாருன்னு போன்ல பேசற உங்க பொண்ணுகிட்ட மூணு தபா சொல்லிட்டேன். புரியுதுங்கறா, புரியுதுங்கறா, அப்பறம் அவர கூப்புடுங்க, அவரு வந்து பேர மாத்த சம்மதம் சொல்லணும்ங்கறா. காலங்காத்தால போன் போட்டு அவரு நல்லா இருக்காரான்னு வேற கேக்கறா. நான் எங்கன்னு போயி அவர கூட்டினு வர்றது?"

கம்பெனி விதி அப்படி. ஒருவர் பெயரிலிருக்கும் மெஷினை வேறு பெயருக்கு மாற்ற அவரே தன் வாயால் ஒப்புதல் தர வேண்டும். செத்துப்போனவர்களுக்கு விலக்கு உண்டு என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. நான் விதியை ஓரமாக வைத்துவிட்டுப் பெயரை மாற்றினேன்.

"இனிமே இந்த நம்பருக்கு அவர கேட்டு போன் வராதும்மா. அவர் பேர நான் எடுத்துட்டேன்" என்றேன்.

அந்தப் பெண் உடனே வைக்கவில்லை. தண்ணீர் பிடித்து வைப்பதெல்லாம் அவர் வேலைதான் என்றாள். பாட்டில்களை வரிசையாக வைத்து நிரப்புவாராம். இப்போது அந்த மெஷினைத் தொடவே கை வரவில்லை என்றாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் பேசாமலிருக்க இருக்க, மீட்டர் மஞ்சளிலிருந்து இறங்கிச் சிவப்பில் போய் உட்கார்ந்தது. திரையில் நான் சொல்ல வேண்டிய கடைசி வாசகம் மின்னியது. 'எங்களை அழைத்ததற்கு நன்றி. இந்த நாள் இனிய நாளாக அமையட்டும். மீண்டும் பேசுவோம்.'

அதை நான் வாசிக்கவில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது நாம் சொல்லிக்கொள்வதில்லை. போய் வருகிறேன் என்று சொன்னால் இன்னொரு முறை இதே காரியத்துக்கு வருகிறேன் என்றாகிவிடும். எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, பேசாமல் நடந்துவிட வேண்டியதுதான். எங்கள் கிறிஸ்தவ வீடுகளிலும் இதே வழக்கம்தான். நான் அந்தப் பெண்ணிடம் ஒன்றும் சொல்லாமல், அவள் மூச்சு சீராகும் வரை இருந்துவிட்டு, இணைப்பைத் துண்டித்தேன்.

மீட்டர் எனக்குப் பூஜ்யம் போட்டது.

மேனேஜர் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். மெஷினுக்கு மொழி சேர்க்கும் இன்ஜினியர் பெண்ணும் இருந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கம், பெங்களூர் வந்து அதிக நாளாகவில்லை. அந்தச் சுவரில்தான் எங்கள் மெஷின் குரலுக்கான புது விளம்பரத்தை ஒட்டியிருந்தார்கள். 'உணர்வுள்ள குரல்' என்று பெரிய எழுத்தில் விளம்பரப் பிரிவு போட்டிருந்தது. 'இதற்கு உணர்வு கிடையாது' என்று அடியில் பொடி எழுத்தில் சட்டப் பிரிவு போட்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கணவனை இழந்த பெண்ணிடம் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டாயே, உனக்கு இரக்கம் இல்லையா என்று மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்டார். நான் வழக்கத்தை விளக்கினேன். அவர் நம்பவில்லை. இன்ஜினியர் பெண்தான், "ஆமாங்க சார், எங்க ஊர்லயும் அப்படித்தானுங்க. சொல்லிட்டுக் கெளம்புனா தப்பு" என்றாள்.

மேனேஜர் முகம் மலர்ந்தது. அது மலர்ந்தால் புது உத்தரவு வரப்போகிறது என்று அர்த்தம். "அப்படியென்றால் இதை விதியாக எழுதலாமே!" என்றார்.

எழுதினோம். மரணம் என்று தெரிந்தால் ஒப்புதல் கேட்காதே. நன்றி சொல்லாதே. இனிய நாள் என்று வாழ்த்தாதே. மீண்டும் பேசுவோம் என்று சொல்லவே சொல்லாதே. நான் சொல்லச் சொல்ல இன்ஜினியர் பெண் தட்டச்சு செய்தாள்.

"அக்கா, எவ்ளோ நேரம் சும்மா இருக்கோணும்?"

"எதிர்ல இருக்கறவங்க மூச்சு சமாதானமாவற வரைக்கும்."

அவள் யோசித்து, அதற்கும் எதையோ தட்டினாள். நீலசந்திரா அழைப்பின் பதிவையும் மாதிரிக்காக மெஷினுக்குக் கொடுத்தார்கள். சாவு அழைப்பில் மௌனத்துக்கு மதிப்பெண் தரும்படி மீட்டரையும் திருத்தினார்கள். அடுத்த வாரச் சோதனையில் மெஷின் பேசாமலிருந்து முழு மதிப்பெண் வாங்கியது. நான் பேசாமலிருந்து வாங்கிய பூஜ்யம் அப்படியேதான் இருந்தது. பழைய மதிப்பெண்களைத் திருத்த வழியில்லையாம்.

இதன் பலன் என்னவென்று ஒரு குழந்தைக்கும் தெரிந்திருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை. மெஷினால் சமாளிக்க முடியாத அழைப்புகளில் பெரும்பாலானவை சாவு சம்பந்தப்பட்டவை. அதையும் அது கற்றுக்கொண்டுவிட்டதால் அந்த ஒரு ஆளும் தேவைப்படவில்லை. பச்சையில் ஆடிய பக்கத்து இருக்கைக்காரியும் மஞ்சளில் கிடந்த நானும் ஒரே நாளில் வெளியே வந்தோம். கேக் வெட்டினார்கள். ஆளுக்கொரு தொட்டிச் செடி கொடுத்தார்கள். மெஷினே எங்களுக்கு நன்றி சொல்லி, இந்த நாள் இனிய நாளாக அமையட்டும் என்று வாழ்த்தியது.

தொட்டியும் கையுமாக வீட்டுக்குப் போனால் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தப் பொண்ணுக்கு நீ ஞானோபதேசம் முடிச்சிட்ட. ஞானஸ்நானம் ஒண்ணுதான் பாக்கி" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. வயிற்றுப்பிழைப்பு போய்விட்டது, இவருக்கு வேடிக்கை. கத்தினேன். அவர் என் கையிலிருந்த செடியை வாங்கி ஜன்னலில் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். பிறகு அவரே பங்கு ஃபாதரிடம் பேசி, பக்கத்துப் பள்ளிக்கூட ஆபீசில் எனக்கு ஒரு நாற்காலி வாங்கிக் கொடுத்தார். அங்கே என் குரலுக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

அந்த மழைக்காலத்தில் அப்பா போய்விட்டார். காலையில் நெஞ்சு எரிகிறது என்றார், சாயங்காலம் இல்லை. ஓசூர் ரோட்டுக் கல்லறையில் அம்மாவுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். சாதாரண நாளில் வாசலில் நின்று அரைமணி நேரம் விடைபெறுகிற சர்ச்சு ஜனங்கள், ஒருவர் பின் ஒருவராக எழுந்து சத்தமில்லாமல் போனார்கள். நான் தலை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் வீட்டில் ஆள் குறைந்துகொண்டே இருந்தது.

அவர் போனை அணைத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. சில வாரம் கழித்து, ஒரு காலையில் அது அடித்தது.

"வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா?"

அந்தக் குரல்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கன்னாபின்னாவென்று திட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் நான் வாயைத் திறந்தபோது ரயில்வே அறிவிப்புதான் வந்தது.

"அவர் இறந்துட்டார். நான் அவர் பொண்ணு."

அது "அச்சச்சோ" என்று சொல்லவில்லை. மூச்சு வாங்கவும் இல்லை. பேசாமலிருந்தது. எந்த விதி இது என்று எனக்குத் தெரியும். சொன்னவள் நான். அந்தக் கண்ணாடி அறையில், எந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னேன் என்றுகூட நினைவிருக்கிறது. அத்தனையும் தெரிந்திருந்தும், அது பேசாமலிருக்க இருக்க நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். கல்லறையில் வராத அழுகை அப்போது வந்தது. அப்பாவின் நாற்காலியில், அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒரு மெஷினிடம் விம்மி விம்மி அழுதேன். அது கேட்டுக்கொண்டிருந்தது, அல்லது கேட்டுக்கொண்டிருப்பதைப் போல இருந்தது. வாய்விட்டே கேட்டுவிட்டேன்: "உனக்கு அவர ஞாபகம் இருக்குதா?"

அது, "இனிமே இந்த நம்பருக்கு அவர கேட்டு போன் வராதும்மா. அவர் பேர நான் எடுத்துட்டேன்" என்றது.

நான் நீலசந்திரா பெண்ணிடம் சொன்னது. சொல் மாறவில்லை, இழுப்புக்கூட மாறவில்லை. என் மூச்சு சீரானதும், சொல்லிக்கொள்ளாமல் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

விதியைத்தான் செய்தது, அதற்கு என்ன தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சின்ன வயதில் ஒரு சாவு வீட்டில், வளர்ந்த பிள்ளை மாதிரி "போயிட்டு வர்றோம் ஆன்ட்டி" என்று நான் ஆரம்பித்ததும், அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளி வெளியே இழுத்துப் போனாள். நானும் அப்படிக் கற்றுக்கொண்டவள்தான். அன்றைக்கு எனக்குத் துக்கம் ஒன்றும் இல்லை, தொடைதான் வலித்தது. வழக்கம் முதலில் வந்தது, மனசு எப்போது வந்து அதில் உட்கார்ந்தது என்று எனக்கே தெரியாது. அதற்கு வருமா, வராதா? அப்பா இருந்தால் நாளெல்லாம் வாதாடியிருப்பார்.

அந்த நிறுவனத்தோடு இனி எனக்கு ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் அடுத்த மாதம், ஃபில்டரை நினைவூட்டும் அந்த வாரம் வந்தபோது அப்பா போனை மேஜைமேல், கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டேன். குளிக்கப் போகும்போது சத்தத்தைக் கூட்டி வைத்தேன். பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துக்கொண்டு போனேன். யாராவது ஒருவர், அல்லது ஒன்று, நல்லா இருக்கீங்களா என்று கேட்கட்டுமே என்றிருந்தது.

போன் வரவில்லை. வராது என்று சொன்னபடியே வரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறது. மனிதர்களில்கூட அப்படி நான் அதிகம் பேரைப் பார்த்ததில்லை. அப்பாவின் போனுக்கு இன்னும் தினமும் சார்ஜ் போடுகிறேன்.